மலைக்குப் போன கறுப்புப் பை

அத்தியாயம் 14

“இந்த லைட்டு இன்னாடா, ஆரஞ்சாவே கீது? பச்சை ஆவணுமா?”

இரவுச் சாப்பாடு முடிந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். பீரோவுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல், மகனுடைய லேப்டாப் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“ஆவும் நைனா. தொடாதே.”

“தொடலடா. கேட்டேன்.”

“கேக்கவும் வேணாம். போய்ப் படு.”

அவர் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கட்டிலுக்குப் போனார். கட்டில் கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

புனேவுக்கு மாற்றல் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மகன் முரளிதரன் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி, பழக்கூழ் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் விற்கிற கம்பெனி. கடிதத்தோடு மேனேஜர் வாய்வார்த்தையாக ஒன்று சொல்லியிருந்தார். சித்தூரில் பழக்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் ரங்கையாவின் ஆர்டர் கிடைத்தால் திருப்பதியில் ஓர் ஆபீஸ் திறப்பார்கள். அதற்கு முரளிதரன்தான் பொறுப்பு. வீடு இருக்கிற புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதி புனே. வயதான இருவரும் இந்த வீட்டில், மனைவியும் அவனும் ஊர் பேர் தெரியாத இடத்தில்.

அந்த ஆர்டருக்கான எல்லாமே லேப்டாப்பில் இருந்தது. இயந்திரம் ஓடுகிற படம், கணக்கு, விலை, நாற்பது பக்கம். கம்பெனி அந்த வருடம் மூன்றே மூன்று பேருக்குத்தான் லேப்டாப் கொடுத்திருந்தது. அது முரளிதரன் கைக்கு வந்து ஒன்பது நாள்.

வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதை லேப்டாப் பிடித்துக்கொண்டதால் செல்போனைக் காலையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்தான்.

காலை ஆறரைக்கு எழுந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

லேப்டாப் இல்லை. அதன் கறுப்புப் பை இல்லை. ஒயர் இல்லை. செல்போன் சார்ஜர்கூட இல்லை. ஒற்றைக் கோடு சார்ஜோடு செல்போன் மட்டும் தலையணைக்கடியில் கிடந்தது.

“பிரமிளா!”

“இங்கதான் கீறேன். ஏன் ஊரைக் கூட்டறீங்க?”

“லேப்டாப் எங்க?”

பிரமிளா மாமியாரைப் பார்த்தாள். கிருஷ்ணம்மா அடுப்பைப் பார்த்தாள். ஆக இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

“நைனா எடுத்துக்கினு போயிட்டாரு,” என்றாள் கிருஷ்ணம்மா. “நாலு மணி பஸ்ஸுக்கே.”

“எங்க?”

“மலைக்கு.”

முரளிதரன் ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வீட்டில் எந்தப் புதுப் பொருளும் திருமலைக்குப் போய் வராமல் வேலையைத் தொடங்கியதில்லை. போர் மோட்டார் வந்தபோது அதன் ஸ்டார்ட்டர் பெட்டி போய் வந்தது. டிராக்டருக்குச் சாவி. பிரமிளா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மிக்ஸிக்கு, மோட்டார் கனமென்று, மூடி மட்டும் போய் வந்தது. போன் கனெக்‌ஷன் கிடைத்தபோது முதல் பில்லை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போனவர் கோவர்த்தனன். அதுவரை அந்தப் போனை யாரும் தொடக் கூடாது. மணி அடித்தபோதுகூட எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அம்மா, அதை கோயிலுக்குள்ள உடவே மாட்டாங்கம்மா!”

“அது அவருக்குத் தெரியாதா? உள்ள எதுக்கு? மலைக் காத்து பட்டாப் போதும்னாரு. நடந்து ஏறிப் போய், தேங்கா ஒடைச்சிட்டு, பஸ்ல எறங்கி, பதினோரு மணிக்கெல்லாம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுல உன் கையில குடுத்துடறேன்னாரு. உனக்கு ரெண்டு மணிக்குத்தான சித்தூர்ல மீட்டிங்கு?”

“என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டா இன்னா?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

கிருஷ்ணம்மா இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“நீ இந்த ஊரோட இருக்கணும்னுதாண்டா போயிருக்காரு. நேத்தெல்லாம் நெஞ்சு கரிக்குதுன்னு சோடா குடிச்சிக்கினு இருந்த மனுஷன், கால்நடையா ஏறப் போறாரு.”

“கரிக்கட்டும்! நல்லாக் கரிக்கட்டும்! சார்ஜரை எதுக்கு எடுத்துக்கினு போனாரு? அதுக்குமா மலைக் காத்து?”

“ஒயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுன்னு நெனச்சிருப்பாரு,” என்றாள் பிரமிளா. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குளித்தான். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

“ரெண்டு இட்லி துன்னுட்டுப் போங்க.”

“நீயே துன்னு. நானே மலைக்குப் போய் அந்த மனுஷன் கையில இருந்து புடுங்கிக்கினு வரேன்.”

தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

அலிபிரி அடிவாரத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. நடந்து ஏறுகிறவர்கள் தங்கள் மூட்டை முடிச்சுகளைக் கீழே ஒப்படைத்துவிட்டால் வேனில் மேலே கொண்டுபோய் வைப்பார்கள். ரசீதைக் காட்டி அங்கே வாங்கிக்கொள்ளலாம். கோவர்த்தனன் எதையும் சுமந்துகொண்டு படி ஏறுகிறவர் இல்லை. சாமியிடம் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும் என்பார்.

“ரசீது உந்தா?” என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

“ரசீது எங்க நைனாகிட்ட இருக்கு சார். பை என்னுது.”

“உங்க பைன்னு நீங்க சொல்றீங்க. ரசீது அவரு கையில இருக்குது. நான் யாரை நம்பறது?”

“உள்ள என் விசிட்டிங் கார்டு இருக்கு. அம்பது கார்டு. முரளிதரன்னு அச்சடிச்சிருக்கும். தொறந்து பாருங்க.”

“பை இங்க இருந்தாத்தான தொறக்கறது? ஏழு மணி வண்டியில மேல போயிடுச்சு. மேலயும் ரசீது இல்லாம தர மாட்டாங்க. பெரியவரைப் புடிங்க, அதான் வழி.”

முரளிதரன் படிகளின் பக்கம் திரும்பினான். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நைனா ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டு ஓடினால் பிடித்துவிடலாமா? பிடித்தாலும் பை மேலே. அதை வாங்கி இறங்குவதற்குள் ரங்கையா அடுத்த கம்பெனிக்குக் கையெழுத்தே போட்டிருப்பார். பத்துப் படி ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டியது. இறங்கிவிட்டான்.

“ஏறு, நல்லா ஏறு,” என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னான். “உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. பூட்டி வைக்காத என்னைச் சொல்லணும்.”

கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

“இன்னா ஷூக்காரரே, அடிவாரத்துல நின்னுக்கினு சாமியத் திட்டறே?”

“சாமிய இல்லம்மா. எங்க நைனாவை.”

“அப்ப சரி,” என்று அவள் கற்பூரத்தை எண்ணத் தொடங்கினாள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து ஆபீசுக்குப் போன் போட்டான்.

“லேப்டாப் எங்க இருக்குன்னு சொன்னீங்க?” என்றார் மேனேஜர்.

“மலை மேல சார்.”

“எந்த மலை?”

“திருமலை சார்.”

பூத்தின் மீட்டரில் ஒரு ரூபாய் ஏறியது.

“முரளி, நீங்க மீட்டிங்குக்குப் போறீங்களா, மொட்டை போடப் போறீங்களா?”

“எங்க நைனா தெரியாம எடுத்துட்டுப்…”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம். மேல போவீங்களோ, உருண்டு வருவீங்களோ, லேப்டாப்போட ரங்கையா முன்னாடி உட்காரணும். இல்லன்னா புனேவுல ஸ்வெட்டர் வாங்கிக்குங்க.”

மேனேஜர் ரிசீவரை மேஜை மேலேயே போட்டுவிட்டுப் போனதும் சிவசங்கரி அதை எடுத்தாள். அவள் பக்கத்து மேஜைக்காரி. “அண்ணா, பழைய காப்பி ஒண்ணு என்கிட்ட இருக்கு. மெயில்ல அனுப்பறேன். பிரிண்ட் எடுத்துக்கினு போங்க” என்றாள். அந்த நாளில் அவனுக்குக் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அது.

பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. அன்றைக்குத்தான் நுழைவுத் தேர்வு ரிசல்ட். பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒரு கம்ப்யூட்டருக்கு எட்டுப் பேர். யாரோ ஒரு பெண் ரேங்க் தெரிந்து அழ, அவள் அம்மா அது சந்தோஷ அழுகையா என்று தெரியாமல் சேர்ந்து அழுதாள். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு நாற்காலி பிடித்தான். ஃபைல் இறங்கத் தொடங்கி, எண்பது சதவீதத்தில் கரெண்ட் போனது.

“ஜெனரேட்டர் போடுவீங்களா?”

“போடுவோம் சார். டீசல் வாங்கப் போயிருக்காங்க.”

கரெண்ட் வந்து, மறுபடி முதலில் இருந்து இறக்கி, பிரிண்ட் கொடுத்தபோது தாள்கள் கன்னங்கரேலென்று வந்தன. கம்பெனி அந்தப் பக்கங்களையெல்லாம் அடர்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடித்திருந்தது. லேப்டாப்பில் பார்த்தால் ராஜகம்பீரம். இங்கே நீலம் கறுப்பானது. இயந்திரத்தின் படமும் கறுப்பு. பன்னிரண்டாம் பக்கத்தோடு மையும் தீர்ந்தது.

“இது போதும் சார்,” என்றான் கடைக்காரன். “மீதியும் இதே மாதிரிதான இருக்கும்?”

பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றான். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் மொட்டைத் தலைகள் இறங்கின. லட்டுப் பைகள் இறங்கின. நைனா இறங்கவில்லை. பதினொன்றேகால். பதினொன்றரை. ஒரு பெரியவர் அதே நடை, அதே தோள்துண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாரோ.

என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மேலே கூட்டம் குறைவாக இருந்திருக்கும். ‘இவ்ளோ தூரம் வந்தாச்சு, ஒரு தரம் பாத்துட்டே போயிடலாம்’ என்று வரிசையில் நுழைந்திருப்பார். நுழைந்தவர் வெளியே வரச் சாயங்காலம் ஆகும். சின்ன வயசில் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போக வந்து, வழியில் மாட்டுச் சந்தையில் நின்றுவிட்ட அதே ஆள்தானே.

வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தலாமென்று செல்போனை எடுத்தான். நம்பரை அழுத்தும்போதே அது சின்னதாக ஒரு பாட்டுப் பாடி இருண்டு போனது.

பதினொன்று ஐம்பது சித்தூர் பஸ்ஸில் பன்னிரண்டு கறுப்புத் தாளோடு ஏறி உட்கார்ந்தான்.

சித்தூரில் மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்தது. ரங்கையாவின் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் அரை மைலுக்கு நின்றன. புளித்த பழவாடையும் ஈயும். ஆபீஸ் அறையில் ரங்கையா பனியனோடு உட்கார்ந்து இரண்டு போனில் மாறி மாறித் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். முரளிதரன் நீட்டிய முதல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“இன்னா பாபு, அமாவாசையப் படம் புடிச்சிக்கினு வந்தியா?”

“சார், அது மெஷின்.”

“எந்தப் பக்கம் தல?”

முரளிதரன் தாள்களை மடித்துக் கீழே வைத்தான். இனிமேல் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

“நிஜத்தைச் சொல்லிடறேன் சார். எல்லாம் லேப்டாப்புல இருக்குது. லேப்டாப்பை எங்க நைனா என்னைக் கேக்காம மலைக்கு எடுத்துக்கினு போயிட்டாரு. புதுசுன்னு. திரும்பி வரல.”

ரங்கையா போனை வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மலைக்கா? லேப்டாப்பா? அடேய், நான் டின் மூடற மெஷின் வாங்கினப்ப அதோட போல்ட்டு ஒண்ணைக் கழட்டி எடுத்துக்கினு போனேன். பதினாறு வருஷமா ஓடுது. எந்த ஊரு நீங்க?”

“புத்தூர் பக்கம் சார்.”

“அதான பாத்தேன். இந்த சென்னைக்காரன் எவனுக்கும் இது தெரியாது. சொல்லு, வாயாலயே சொல்லு உன் மெஷினை.”

முரளிதரன் சொன்னான். டின்னில் அடைக்காமல் பெரிய பைகளில் கூழை நிரப்புவது, பையைப் பீப்பாயில் இறக்குவது, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பது. தமிழில் தொடங்கித் தெலுங்கில் போய் மறுபடி தமிழுக்கு வந்தான். ரங்கையா இடை மறித்துக்கொண்டே இருந்தார். நடுவில் கரெண்ட் போனால் குழாயில் நிற்கிற கூழ் என்ன ஆகும்? கழுவ எத்தனை பேர் வேண்டும்? ரிப்பேருக்கு ஆள் எங்கிருந்து வருவான்?

“நானே வருவேன் சார். ஆர்டர் குடுத்தீங்கன்னா திருப்பதியில ஆபீஸ். போன் போட்டா அடுத்த பஸ்.”

“குடுக்கலன்னா?”

“புனே.”

ரங்கையா ஒரு ஈயை விரட்டினார்.

“நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பணம் போடறது எங்க அல்லுடு. பெங்களூர்ல இருந்து ரேப்பு காலையில வரான். மாப்பிள்ளைக்கு வாயால சொன்னா ஏறாது, பொட்டியில ஓடணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லேப்டாப்போட வந்து உக்காரு. பத்து மணிக்கு இன்னொரு கம்பெனிக்காரன் வரான். அதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்.”

“கண்டிப்பா சார்.”

“உங்க நைனாவத் திட்டாதே. மலைக்குப் போய் வந்த பொட்டின்னு எங்க மாப்பிள்ளைக்கே சொல்றேன். பெரியவரு கெட்டிக்காரரு.”

வெளியே வந்து டிராக்டர்களுக்கிடையே நடந்தபோது முரளிதரனுக்கு எரிச்சல் குறையவில்லை. வேறு விதமாக மாறியிருந்தது. இதைப் போய் அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவ்வளவுதான். கடைசி வரைக்கும் இதையே பேசுவார். வீட்டுக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், ‘லேப்டாப்பை எடுத்துக்கினு போனதாலதான் எம் பையனுக்கு ஆர்டரு’ என்பார். பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்வார். சொல்லக் கூடாது. முதலில் நன்றாகத் திட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகு, போனால் போகிறதென்று சொல்லிக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய்ப் போன் காலியாக இருந்தது. மணி மூன்றே முக்கால். காசு போட்டான்.

“ஹலோ,” என்றது ஒரு குரல். பிரமிளா இல்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள். பின்னால் நிறையப் பேர் இருக்கிற சத்தம்.

“பச்சையம்மாக்கா, நைனா வந்துட்டாரா? வந்துட்டாருன்னா போன்ல குடு. நாலு வார்த்தை கேக்கணும்.”

அவன் ரிசீவரைத் தட்டிப் பார்த்தான்.

“அக்கா? காதுல விழுதா?”

“யாரு… யாரு பேசறது?”

“நாந்தாங்க்கா, முரளி.”

ரிசீவர் எதிலோ மோதும் சத்தம். “ஏ பிரமிளா! இங்க வாடி! ஐயோ, இங்க வாடீ!” பல காலடிகள். பிறகு பிரமிளா. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

“ஏங்க?”

“இன்னா ஆச்சு? ஏன் இப்டிப் பேசறே?”

“நீங்களா? நீங்கதானா?”

“நாந்தாண்டி. செல்லு சார்ஜ் இல்ல, அதான்…”

“எங்க கீறீங்க?”

“சித்தூர்ல.”

“மலையில இல்லையா நீங்க?”

“மலையில எனக்கு இன்னா வேலை?”

அவள் சிரித்தாள். அழுதாள். இரண்டையும் சேர்த்துச் செய்தாள். “பெருமாளே, பெருமாளே” என்றாள். “ஒரு மணிக்கு உங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சுங்க. முரளிதரன் மலைப் படியில விழுந்துட்டாரு, மேல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு, சொந்தக்காரங்க வந்து பாக்கணும்னு சொன்னாங்க. உங்க மேனேஜரே பேசினாரு. நாந்தான் லேப்டாப்பை எடுத்துக்கினு வரச் சொன்னேன், மலைக்குப் போவச் சொன்னேன்னு அவரும் அழுதாரு. உங்க செல்லுக்கு எத்தனை வாட்டி போட்டோம்! எவனோ வேற யாரையோ…”

“என் பேரை யாரு சொன்னது அவங்களுக்கு?”

“சட்டைப் பையில லக்கேஜ் ரசீது ஒண்ணு இருந்துச்சாம். வேற ஒண்ணுமே இல்லையாம். ரசீதைக் காட்டிப் பையை வாங்கித் தொறந்து பாத்தாங்களாம். அதுல உங்க கார்டு…”

அவள் பேச்சு அங்கே அறுந்தது.

போன் பீப் அடித்தது. பாக்கெட்டைத் துழாவினான். டை வந்தது. அதற்கடியில் ஒரு ரூபாய் கிடைத்தது, போட்டான்.

“எந்தப் பை?” என்று கேட்டான். அவனுக்கே அது வேறு யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

“கறுப்புப் பைங்க,” என்றாள் பிரமிளா, மிக மெதுவாக. “வயசு எத்தனைன்னு யாருமே கேக்கலைங்க. நானும் கேக்கல.”

“அம்மா எங்க?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பிரமிளா, அம்மா எங்க?”

“உங்களைப் பாக்க மலைக்குப் போயிட்டாங்க. எங்க அண்ணன் கூட. ரெண்டு மணி பஸ்ஸுக்கு. இந்நேரம் அலிபிரி தாண்டியிருப்பாங்க.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “நாங்க எல்லாரும் அடிச்சிக்கினு அழுதோம். அத்தை அழலைங்க. செருப்பு கூடப் போடல. ‘உங்க மாமா மேலதான கீறாரு. புள்ளையத் தனியா உட்டுட மாட்டாரு. பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பாரு’ன்னு சொல்லிக்கினே போனாங்க.”

“உங்கண்ணன்கிட்ட செல்லு?”

“இல்லையே.”

போன் மறுபடி பீப் அடித்தது. அவனிடம் வேறு காசு இல்லை.

“நான் போறேன்,” என்றான். “நான் போய்…” அதற்குள் துண்டித்துவிட்டது.

ரிசீவரை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் காத்திருந்த ஆள், “முடிஞ்சுதா சார்?” என்று கேட்டு, பதில் வராததால் அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி மாட்டினான்.

திருப்பதி பஸ் இன்ஜினைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றது. முரளிதரன் ஓடினான். படியில் காலை வைத்தபடியே கண்டக்டரைக் கேட்டான்.

“எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?”

“இப்ப நாலு. அஞ்சே முக்கால் சார்.”

“சீக்கிரம் போவாதா? நான்-ஸ்டாப் எதுவும் இல்லையா? எங்க அம்மா எனக்கு முன்னாடி போய்க்கினு கீறாங்க. அவங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். டிரைவர் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியில் அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேர் ஓடி வருவதைக்கூடக் கவனிக்காமல் வண்டியை எடுத்தார். வழியில் கை காட்டியவர்கள் யாருக்கும் நிறுத்தவில்லை. காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் கேட்ட வசவுகளுக்கும் திரும்பவில்லை.

அப்படியும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு அதே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகத்தான் செய்தது.